திருமலை: ஒரு பள்ளியும் ஓர் ஏரியும்

ராஜேந்திர சோழன் கங்கை வரை படை அனுப்பினான் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு முக்கியமான கல்வெட்டுச் சான்று எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் தஞ்சாவூர் என்பார்கள், இல்லாவிட்டால் கங்கைகொண்ட சோழபுரம் என்பார்கள். போளூருக்குப் பக்கத்தில், வடமாதிமங்கலம் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், திருமலை என்ற சின்ன ஊரில், ஒரு சமணக் கோயில் பாறையில் இருக்கிறது அது. வெட்டச் சொன்னவள் ஒரு வியாபாரியின் மனைவி. காரணம், ஒரு விளக்கு.

ஜவ்வாது மலைக்கும் போளூருக்கும் நடுவே உத்தியோக நிமித்தமாகப் பல வருடம் ஏறி இறங்கியவன் நான். பொதுப்பணித்துறையில் ஏரி, மதகு, கலங்கல் என்று போன வாழ்க்கை. அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறும்போது திரும்பிப் பார்த்தால், கிழக்கே சமவெளியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கரடுகள் தெரியும். பெரிய மலை உருவாகும்போது சிந்திய துண்டுகள் போல. அந்தக் கரடுகளில் ஒன்றுதான் திருமலை. ஜவ்வாது மலையில் விழுகிற மழை செய்யாறாகவும் கமண்டல நாக நதியாகவும் இறங்கி இந்தச் சமவெளியின் ஏரிகளை நிரப்புகிறது. திருமலையின் கதையும் ஏரியில்தான் தொடங்குகிறது. ஆகவே அதை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் 'பள்ளி' என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். இன்று பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கும் இடம். பழைய கல்வெட்டுகளில் பள்ளி என்றால் சமணத் துறவிகளோ பௌத்தத் துறவிகளோ தங்கும் இடம். துறவி படுக்கும் இடம் பள்ளி. அவர் படுக்கும் இடத்தில் ஊர்ப் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். பிற்பாடு துறவி போய்விட்டார், பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்படித்தான் பல அறிஞர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அது சரியென்றே படுகிறது. பள்ளிக்கு விடப்பட்ட இறையிலி நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். பிராமணருக்கு பிரமதேயம், சைவ வைணவக் கோயிலுக்குத் தேவதானம், சமண பௌத்தப் பள்ளிக்குப் பள்ளிச்சந்தம். சோழர் கணக்கில் மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி இருந்தது. திருமலையின் பழைய பெயர் வைகாவூர் அல்லது வைகை. ஜயங்கொண்ட சோழ மண்டலத்து, பங்கள நாட்டு, முகை நாட்டு, பள்ளிச்சந்தமான வைகாவூர் என்று கல்வெட்டு முகவரி சொல்கிறது. அதாவது ஊரே பள்ளியின் சொத்து.

இங்கே கிடைக்கும் கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ராஜராஜனின் 21ஆம் ஆட்சி ஆண்டுக் கல்வெட்டு. கி.பி. 1005-06 வாக்கில் வெட்டியது. ராஜராஜனை அருமொழி என்றே அழைக்கும் ஒரு தமிழ்ச் செய்யுள். குணவீர மாமுனிவர் என்ற சமணத் துறவி, கணிசேகர மருபொற்சூரியன் என்பவர் பெயரால் ஒரு கலிஞ்சு கட்டினார், அதனால் வைகை மலைக்கு இரு பக்கமும் நெல் விளைந்தது என்பது செய்தி.

கலிஞ்சு என்பது இன்று நாம் கலங்கல், கலிங்கல் என்று சொல்வது. இந்தக் கல்வெட்டைப் பதிப்பித்த ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஆங்கிலத்தில் அதை மதகு என்கிற மாதிரி மொழிபெயர்த்துவிட்டார். என் போன்றவர்களுக்கு அது உறுத்தும். மதகு என்பது வயலுக்குத் தண்ணீர் விடும் வாய். கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் உபரி நீர் கரையை உடைக்காமல் வெளியேறும் வழி. மதகு இல்லாவிட்டால் பயிருக்குத் தண்ணீர் வராது. கலங்கல் இல்லாவிட்டால் ஏரியே இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மலையில் ஒரே ராத்திரியில் கொட்டும் மழை எப்படி இறங்கும் என்பதைப் பார்த்தவர்களுக்கு, ஏரி கட்டுகிறவன் முதலில் யோசிக்க வேண்டியது தண்ணீரை எப்படிச் சேர்ப்பது என்பதைவிட எப்படி வெளியே விடுவது என்று தெரியும். குணவீரருக்கு அது தெரிந்திருக்கிறது. மயிற்பீலியையும் கமண்டலத்தையும் தவிர ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாத திகம்பரத் துறவி ஒருவர் ஏரிக் கரையில் நின்று கலங்கல் மட்டம் பார்த்தார் என்று கற்பனை செய்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. படையுள்ள அரசர்கள் அவர் பாதத்தைக் கொண்டாடினார்கள் என்றும், அவரைக் குளிர்ந்த வைகையின் கோ என்றும் அந்தச் செய்யுள் சொல்கிறது.

குணவீரர் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நேமிநாதம் எழுதிய குணவீர பண்டிதர் ஞாபகம் வரலாம். அவர் வேறு, இரண்டு நூற்றாண்டு போலப் பிந்தியவர். மயிலாப்பூரில் இருந்த நேமிநாதர் பெயரால் தம் இலக்கண நூலுக்குப் பெயர் வைத்தவர்.

சரி, கோயிலுக்கு வருவோம்.

திருமலையில் மூன்று குகைகளும் நான்கு கோயில்களும் பாறையில் செதுக்கிய ஒரு பெரிய நேமிநாதரும் இருக்கின்றன. அடிவாரத்தில் கோபுரம், மதில். அதைத் தாண்டினால் மகாவீரர் கோயில். இன்னும் சற்று மேலே நேமிநாதருக்கு ஒரு கோயில். இதைத்தான் குந்தவை ஜினாலயம் என்கிறார்கள். அதற்குப் பின்னால் மலைப்பாறை பெரிய உதடு போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த உதட்டுக்கு அடியில் செங்கல்லால் சுவர் எழுப்பி, தளம் மேல் தளமாக அறைகள் கட்டியிருக்கிறார்கள். உள்ளே குறுகலான படிகளில் தலையைக் குனிந்து ஏறவேண்டும். என் போன்ற முழங்கால்காரர்கள் நிதானமாகப் போகவும். அறைக்கு அறை பாறைதான் கூரை. அந்தக் கூரைக்குச் சுண்ணச்சாந்து பூசி அதன்மேல் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள்.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது, வேடிக்கைதான், பிரான்ஸ் தேசத்து மடாலயம் ஒன்று. ஒரு முறை குடும்பத்தோடு அங்கே போனபோது மோன் சான் மிஷேல் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். கடலுக்கு நடுவே ஒரு கருங்கல் குன்று. கடல் வற்றும்போது மணல், ஏறும்போது தீவு. உச்சியில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடாலயத் தேவாலயம். அதன் கட்டுமானம் தொடங்கிய ஆண்டு 1023 என்று சொன்னார்கள். எனக்கு உடனே திருமலை நினைவு வந்தது. ராஜேந்திரனின் கங்கைச் செய்தி திருமலைப் பாறையில் ஏறியது 1024-25 வாக்கில். இரண்டு கண்டங்களில், ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டே இராத இரண்டு துறவிக் கூட்டங்கள், கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ஒரு பாறையோடு மல்லுக்கட்டியிருக்கின்றன.

ஆனால் மல்லுக்கட்டிய முறைதான் வேறு. அந்தப் பிரெஞ்சுக் குன்றின் உச்சி ஊசி மாதிரி. அதில் 80 மீட்டர் நீளத் தேவாலயம் உட்கார இடம் கிடையாது. ஆகவே குன்றின் சரிவுகளில் நாலு பக்கமும் நிலவறைகள் கட்டி உச்சி மட்டத்துக்கு உயர்த்தி, அந்த நிலவறைகளின் தலைமேல் தேவாலயத்தை வைத்தார்கள். நடுப்பகுதி மட்டும்தான் பாறைமேல் நிற்கிறது. மற்றதெல்லாம் தூக்கிப் பிடித்த கட்டடம். விளைவு என்ன? 1103இல் நடுக்கூடத்தின் வடபக்கம் இடிந்து விழுந்தது. 1421இல் பீடப்பகுதி விழுந்தது. அதைத் திருப்பிக் கட்டி முடிக்க அடுத்த நூற்றாண்டு ஆகிவிட்டது. திருமலைக்காரர்கள் உச்சிக்கு ஆசைப்படவில்லை. பாறைக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். கூரை போடும் வேலையைப் பாறையிடம் விட்டுவிட்டு, சுவரை மட்டும் தாங்கள் எழுப்பினார்கள். பொறியாளன் என்ற முறையில் என் ஓட்டு திருமலைக்குத்தான். அழகு, கம்பீரம் என்று கேட்டால் பிரெஞ்சுக்காரர்கள் ஜெயிப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பாறைக்கு அடியில் அறை தடுக்கும் வித்தை திருமலையில் பிறந்ததல்ல. ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டுக்கு அருகே ஆர்மாமலை என்று ஒரு குகை இருக்கிறது. அங்கே சுடாத மண் செங்கல்லால் சுவர் தடுத்திருக்கிறார்கள். அதிலும் சித்தன்னவாசலை நினைவுபடுத்தும் ஓவியங்கள் உண்டு. திருமலைக்கு இருநூறு வருடம் போல முந்தியவை. மழை ஒதுங்கும் பாறை, பக்கத்தில் ஒரு சுனை, கூப்பிடு தூரத்தில் பிச்சை கேட்க ஓர் ஊர். சமணத் துறவிக்கு இதற்குமேல் வேண்டியதில்லை. அந்தத் தேவையில் தொடங்கியது, பிறகு அரச குடும்பத்துப் பணத்தில் கோயிலாக வளர்ந்தது.

குந்தவை ஜினாலயம் என்ற பெயர் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டில் தெளிவாக இருக்கிறது. குந்தவை என்றதும் பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குப் பழையாறை அரண்மனைதான் கண்முன் நிற்கும். ராஜராஜனின் அக்காள், வந்தியத்தேவனின் மனைவி. கதையை விட்டுவிட்டுக் கல்வெட்டைப் பார்த்தாலும் அவர் பெரிய மனுஷிதான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவர் கொடுத்தவை 'நம் அக்கன் கொடுத்தனவும்' என்று ராஜராஜன் வாயாலேயே பதிவாகியிருக்கின்றன. திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்தில் சிவனுக்கு ஒன்று, விஷ்ணுவுக்கு ஒன்று, ஜினருக்கு ஒன்று என்று மூன்று கோயில்கள் அவர் தொடர்பில் எழுந்தன. அங்கே இருந்ததற்கும் குந்தவை ஜினாலயம் என்றே பெயர். ராஜராஜனுக்குக் குந்தவை என்று ஒரு மகளும் உண்டு. வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டவள். திருமலைக் குந்தவை அக்காள்தான் என்பதே வரலாற்றாசிரியர்களின் பொதுவான கருத்து. தாதாபுரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கும் அதில் சந்தேகமில்லை.

இனி அந்த விளக்கு. பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த கரைவழி மல்லியூர் என்ற ஊரில் நன்னப்பயன் என்று ஒரு வியாபாரி. அவன் மனைவி சாமுண்டப்பை. ராஜேந்திரனின் 13ஆம் ஆட்சி ஆண்டில் குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தாவிளக்குக்கு 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் வைத்தாள். மொத்தம் 30 காசு. இதைப் பதிவு செய்யும்போது, அக்கால வழக்கப்படி, அரசனின் மெய்க்கீர்த்தி முழுவதையும் முதலில் வெட்டினார்கள். இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம், ஈழத்து அரசர் முடி, அங்கே பாண்டியன் வைத்திருந்த முடி என்று போய், சக்கரக்கோட்டம், ஒட்ட விஷயம், கோசலம், தண்டபுத்தியின் தன்மபாலன், தக்கணலாடத்து இரணசூரன், வங்காள தேசத்துக் கோவிந்தசந்திரன், மகிபாலன், கடைசியில் கங்கை. வங்காளத்தின் 11ஆம் நூற்றாண்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் இந்தப் பட்டியலைப் புரட்டாமல் எழுத முடியாது. யார் எந்தப் பகுதியை ஆண்டார்கள் என்பதற்கு அங்கேயே சான்று குறைவு. இதில் கடாரம் இல்லை என்பதையும் கவனியுங்கள். கடல் கடந்த படையெடுப்பு அடுத்து நடந்தது. அந்த வரிசையை உறுதி செய்யவும் இந்தப் பாறை உதவுகிறது.

புத்தகங்கள் இதை 'ராஜேந்திரனின் திருமலைப் பாறைக் கல்வெட்டு' என்கின்றன. எனக்கு இந்தப் பெயரில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. மெய்க்கீர்த்தி என்பது இன்றைய அரசாங்கக் கடிதத் தாளின் மேல் அச்சிட்ட முத்திரை மாதிரி. கடிதம் எழுதியவள் சாமுண்டப்பை. கடிதத் தாளைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை மறந்துவிட்டோம். சாமுண்டப்பை என்ற பெயரின் 'அப்பை'யும், அவள் கணவன் பெயரின் 'அப்பய'னும் கன்னட நாட்டு வாடை வீசுகின்றன. சமண வியாபாரிகள் அந்தக் காலத்தில் எப்படிக் கன்னட தேசத்துக்கும் தமிழ் தேசத்துக்கும் நடுவே போய் வந்தார்கள் என்பதற்கு இந்த இரண்டு பெயர்களே ஒரு குறிப்பு.

அவள் தனி ஆளும் அல்ல. முந்தின வருடத்துக் கல்வெட்டு ஒன்று, பல்லவரையரின் தேவியார் சிண்ணவையார் வைத்த விளக்கைப் பராமரிக்கவும் பணம் ஒதுக்குகிறது. அதற்கு முன்னால், 10ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் இந்தப் பக்கத்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், கங்கமாதேவி என்ற அரசியின் பணியாள் மலைமேல் இருந்த யக்ஷனுக்கு விளக்கு வைத்திருக்கிறார். 14ஆம் நூற்றாண்டில், ஜவ்வாது மலை அடிவாரத்துப் படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு சம்புவராயர்கள் ஆண்டபோது, ராஜநாராயண சம்புவராயரின் 12ஆம் ஆண்டில், பொன்னூரைச் சேர்ந்த மண்ணை பொன்னாண்டை என்பவரின் மகள் நல்லாத்தாள் ஒரு திருமேனியை எழுந்தருளச் செய்தாள். அரசியிலிருந்து பணியாள் வரை, வியாபாரி வீட்டிலிருந்து பொன்னூர்ப் பெண் வரை, நானூறு வருடம் இந்த மலையில் விளக்கு அணையாமல் இருந்ததில் பெண்களின் பங்கு பெரியது. பெண்ணுக்குச் சமணத்தில் இடமில்லை என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் இவர்கள் எனக்கு ஞாபகம் வருவார்கள். வந்தவாசி வட்டத்து வேடல் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவி 500 மாணவியருக்குத் தலைவியாக இருந்தார். அங்கிருந்த இன்னொரு துறவியர் கூட்டத்தோடு தகராறு வந்தபோது ஊர்க்காரர்கள் குரத்தியார் பக்கம் நின்று சோற்றுக்குப் பொறுப்பேற்றார்கள்.

நல்லாத்தாள் வைத்த திருமேனியின் பெயர் விகார நாயனார், பொன்னெயில் நாதர். விகாரம் என்றால் துறவிகள் மடம். பொன்னெயில் என்றால் பொன் மதில். தீர்த்தங்கரர் ஞானம் பெற்றபின் தேவர்கள் அவருக்காகக் கட்டும் சபைக்குச் சமவசரணம் என்று பெயர். வட்ட வட்டமாக மதில்கள், நடுவில் ஜினர், சுற்றிலும் பன்னிரண்டு பகுதிகளில் துறவிகள், தேவர்கள், மனிதர்கள், விலங்குகள் எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள். பாம்பும் மானும்கூட. அந்தச் சமவசரணம்தான் குகை அறையின் கூரையில் பெரிய சக்கரமாகத் தீட்டியிருக்கிறது. அறையின் நடுவில் தலையைத் தூக்கி நின்றால் அந்தச் சபையை மேலிருந்து பார்ப்பது போல இருக்கும். கீழிருந்து மேலே பார்க்கிறோம், ஆனால் கண்ணுக்கு மேலிருந்து கீழே பார்க்கிற காட்சி. வரைந்தவனுக்கு ஒரு கும்பிடு.

ஓவியங்களில் இரண்டு காலத்துப் பூச்சு இருப்பதாக அறிஞர்கள் சொல்கிறார்கள். அடியில் சோழர் காலத்தது, மேலே விஜயநகர, நாயக்கர் காலத்தது. பூக்கோலம், கட்டங்கள், வரிசையாக உட்கார்ந்த உருவங்கள். காவியும் மஞ்சளும் வெள்ளையும் இன்னும் பளிச்சென்று சில இடத்தில் தெரிகின்றன. பல இடத்தில் சாந்து பெயர்ந்து பாறை தெரிகிறது. பாறை ஈரத்தைக் கசியவிடும். சுண்ணாம்பு அந்த ஈரத்தைக் குடித்து உப்பாகி உதிரும். கூரையாகப் பாறையை வைத்துக்கொண்டதில் இது ஒரு செலவு. அதைவிடப் பெரிய செலவு மனிதக் கை. எட்டும் உயரத்தில் எல்லாம் ஆணியால் கீறிய பெயர்கள், இதயங்கள், அம்புகள். ஆயிரம் வருடத்துப் பாறை ஈரம் செய்யாத சேதத்தை ஐம்பது வருடத்து ஆணிகள் செய்துவிட்டன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, நல்லது. பூட்டுக்கு முன்னால் போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அறைகளில் சிற்பங்களும் உண்டு. ஆதிநாதர், பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி. இவர்களைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது தருமதேவி. அம்பிகா, கூஷ்மாண்டினி என்றும் பெயர், நேமிநாதரின் யக்ஷி. துறவிக்குச் சோறு போட்டதற்காகக் கணவனால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டு, இரண்டு பிள்ளைகளோடு போனவள் என்று கதை. பக்கத்தில் சிங்கம். தமிழ்நாட்டு மலைப்பள்ளிகளில் தீர்த்தங்கரருக்கு இணையாக ஊர்ச்சனம் கும்பிட்டது இந்த இயக்கியைத்தான். திருமலையில் கடைக்கோட்டூர் அரிஷ்டநேமி ஆசாரியர் ஓர் இயக்கித் திருமேனி செய்வித்ததாகக் கல்வெட்டு உண்டு. அவர் திருமலைப் பரவாதிமல்லரின் மாணாக்கர். பரவாதிமல்லர் என்றால் எதிர்வாதம் செய்கிறவர்களோடு மல்யுத்தம் செய்கிறவர். வாதப்போர் நடந்த இடம், அதற்கு ஆசிரியரும் மாணவரும் இருந்த இடம் என்பதற்கு இந்தப் பட்டப்பெயர் ஒன்றே போதும்.

குகையிலிருந்து வெளியே வந்து ஏறினால் சிகாமணிநாதர். 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதர், பாறையில் நின்ற கோலம், 16 அடிக்குக் கொஞ்சம் மேல். தமிழ்நாட்டில் இருக்கும் சமணச் சிற்பங்களிலேயே உயரமானது. 12ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். கல்யாண விருந்துக்குக் கட்டிவைத்த ஆடுமாடுகளின் கதறலைக் கேட்டு மாப்பிள்ளைக் கோலத்திலேயே துறவுக்குப் போனவர் நேமிநாதர். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதற்கும் மேலே, உச்சியில், பார்சுவநாதருக்கு ஒரு சின்னக் கோயிலும், முனிவர்களின் பாதச் சுவடுகளும். அங்கிருந்து மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை நீலமாக நீண்டு கிடக்கும்.

அந்த மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் இங்கே வந்திருக்கிறார். தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, அதியமான் வம்சத்து விடுகாதழகிய பெருமாள். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவர். வஞ்சியர் குலத்து எழினி என்ற முன்னோர் செய்துவைத்த இயக்கன், இயக்கி உருவங்கள் சிதைந்து கிடந்ததைப் பார்த்து, அவற்றைத் திருத்தி மீண்டும் வைத்தார். ஓர் எறிமணி கொடுத்தார். ஏரிக்கு ஒரு கால்வாயும் வெட்டினார். சமஸ்கிருதத்திலும் தமிழிலும் இதைப் பதிந்திருக்கிறார்கள். எண்குண இறைவனின் திருமலை என்று தமிழ்ச் செய்யுள் இந்த மலையை அழைக்கிறது. திருக்குறள் கடவுள் வாழ்த்தில் வரும் எண்குணத்தைப் பற்றிச் சைவரும் சமணரும் போடும் வழக்கு இன்னும் முடியவில்லை; இந்தக் கல்வெட்டு சமணர் கட்சிக்கு ஒரு நல்ல சாட்சி. எழினி என்ற பெயர் சங்ககாலத்திலிருந்தே அதியமான் குடியில் வருவது. ஒருவர் பழைய சிற்பத்தைப் பார்த்து, இது நம் முன்னோர் செய்தது என்று அடையாளம் கண்டு, புதிதாக ஒன்று செய்துவைக்காமல் பழையதையே திருத்திவைத்தது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றுகிறது. இன்று புனருத்தாரணம் என்ற பெயரில் பழைய கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் விடுகாதழகியாரைப் படிக்கலாம்.

மணியோடு சேர்த்துக் கால்வாய். விளக்குக்கு முன்னால் கலிஞ்சு. பள்ளியும் ஏரியும் இப்படி ஒன்றாகவே வருகின்றன. இதில் ஆச்சரியமில்லை. பள்ளிச்சந்த நிலத்தில் நெல் விளைந்தால்தான் துறவிக்குக் கவளம், விளக்குக்கு நெய். பிரான்ஸிலும் இதே கணக்குத்தான். மடாலயத்துத் துறவிகள் ஓடையைத் திருப்பி மாவாலை ஓட்டினார்கள், ஃபோன்டனே மடத்தில் இரும்பு உலையே வைத்திருந்தார்கள்.

முடிவு மட்டும் இரண்டுக்கும் வேறு. பிரெஞ்சுப் புரட்சியில் மடாலயங்களைத் தேசத்தின் சொத்தாக்கினார்கள். மோன் சான் மிஷேல் சிறைச்சாலை ஆகி 1863 வரை அப்படியே இருந்தது. குளூனி என்ற ஊரில் இருந்த மாபெரும் மடாலயத் தேவாலயத்தைக் கல்லுக்கு விற்று இடித்தே விட்டார்கள். திருமலையில் அப்படி ஒரு நாள், ஒரு சட்டம் என்று எதுவும் இல்லை. கொடை குறைந்தது, வியாபாரிகள் வேறு பக்கம் போனார்கள், துறவிகள் வருவது நின்றது. ஆனால் கும்பிடுகிறவர்கள் போகவில்லை. இதைத்தான் நம்மவர்கள் பலர் அறிவதில்லை. சமணம் என்றால் மதுரையில் கழுவேற்றிய கதை, இல்லாவிட்டால் சௌகார்பேட்டை மார்வாடி என்று நினைக்கிறார்கள். போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சிப் பக்கங்களில் நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர்கள் இன்றும் நிலத்தை உழுகிறார்கள், தமிழே பேசுகிறார்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த நயினார் நண்பர் ஒருவர், ஏரி ஆய்வு இருட்டும்வரை நீண்டால் அன்று ராத்திரி பட்டினிதான். ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. மற்றவர்கள் பரோட்டாக் கடை தேடும்போது அவர் ஜீப்பில் உட்கார்ந்து அளவுப் புத்தகத்தை எழுதி முடித்துவிடுவார்.

1998இல் திருமலை அடிவாரத்தில் அரஹந்தகிரி சமண மடம் தொடங்கியது. பட்டாரகர் ஒருவர் தலைமையில் நடக்கிறது. பள்ளிக்கூடமும் நடத்துகிறார்கள், மணியடித்தால் சீருடைப் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் குகை வரை கேட்கும்.

போக விரும்புகிறவர்களுக்கு: போளூரிலிருந்து ஆரணி போகும் பக்கம் வடமாதிமங்கலத்தில் திரும்ப வேண்டும். காட்பாடி, விழுப்புரம் ரயில் பாதையில் வடமாதிமங்கலம் நிலையத்தில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். காலையில் போவது நல்லது; ஓவிய அறைகளில் விளக்கு போதாது, காலை வெளிச்சம் கொஞ்சம் உள்ளே வரும். பூட்டியிருந்தால் காவலரைக் கேளுங்கள். செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள், வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள், பாறை சுடும். வரும் வழியில் ஏரிக்கரையில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தி, தண்ணீர் எந்த இடத்தில் வழிகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.